அறுந்தது பெல்ட், உடைந்தது எது?

காஞ்சிபுரத்துப் பட்டுத்தறியை நீங்கள் நின்று பார்த்திருக்கலாம். நெசவாளர் மிதிகட்டையைக் காலால் அழுத்துகிறார். பாவு நூல்கள் இரண்டு அடுக்காகப் பிரிந்து, நடுவே வாய் போன்ற ஓர் இடைவெளி திறக்கிறது. அதற்குள் நாடா ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஓடி ஊடை நூலைப் போடுகிறது. நாடா வெளியே வந்த பிறகுதான் அந்த வாய் மூட வேண்டும். நாடா நடுவழியில் இருக்கும்போதே மூடிக்கொண்டால் பாவு நூல்கள் அறும். ஒரு முழம் நெய்வதற்குள் இந்தத் திறப்பும் ஓட்டமும் மூடலும் பல நூறு முறை நடக்கின்றன.

கைத்தறியில் இந்த ஒழுங்கைக் காப்பவை நெசவாளரின் காலும் கையும் கண்ணும்தாம். விசைத்தறியில் அந்த வேலையைப் பற்சக்கரங்கள் செய்கின்றன. சாதாரண நெசவுக்கான விசைத்தறியில் மேல் தண்டு இரண்டு முறை சுற்றும்போது, பாவைத் திறந்து மூடும் கீழ்த் தண்டு ஒரு முறை சுற்றும். இந்த இரண்டுக்கு ஒன்று என்னும் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காரின் எஞ்சினுக்குள்ளும் இதே கணக்குத்தான் நடக்கிறது. அங்கே நாடாவின் இடத்தில் இருப்பது பிஸ்டன். பாவின் இடத்தில் இருப்பவை வால்வுகள். இரண்டையும் ஒழுங்குபடுத்துவது பல எஞ்சின்களில் ஒரு ரப்பர்ப் பட்டை. அதன் பெயர் டைமிங் பெல்ட்.

அந்தப் பெல்ட் ஓட்டத்தில் அறுந்துவிட்டால் எஞ்சினுக்கு என்ன நேரும்? நேர்ந்த சேதத்தை, எஞ்சினை உடனே பிரித்துப் போடாமல், படிப்படியாகக் கண்டறிவது எப்படி? இக்கட்டுரையில் இவற்றைக் காண்போம்.

இரண்டு சுற்றுக்கு ஒரு சுற்று

நான்கு வீச்சு எஞ்சினைப் பற்றிப் பாடத்தில் படித்திருக்கிறீர்கள். உறிஞ்சு வீச்சில் பிஸ்டன் கீழே இறங்க, உட்செல் வால்வு திறந்து காற்றும் எரிபொருளும் நுழைகின்றன. அமுக்க வீச்சில் இரு வகை வால்வுகளும் மூடியிருக்க, பிஸ்டன் மேலேறி அந்தக் கலவையை அமுக்குகிறது. ஆற்றல் வீச்சில் கலவை எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. வெளியேற்று வீச்சில் பிஸ்டன் மீண்டும் மேலேற, வெளிவிடு வால்வு திறந்து புகை வெளியேறுகிறது.

நான்கு வீச்சுகள் முடியப் பிஸ்டன் இரு முறை மேலும் கீழும் போக வேண்டும். அதாவது கிராங்க் ஷாஃப்ட் இரண்டு முறை சுற்ற வேண்டும். ஆனால் ஒவ்வொரு வால்வும் அதற்குள் ஒரே ஒரு முறைதான் திறக்க வேண்டும். ஆகவே வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் அதில் பாதி வேகத்தில் சுற்றினால் போதும். கிராங்க் ஷாஃப்டின் பற்சக்கரத்தில் 20 பற்கள் இருந்தால் கேம் ஷாஃப்டின் பற்சக்கரத்தில் 40 பற்கள் இருக்கும். உட்பக்கம் பற்கள் கொண்ட பெல்ட் இரண்டையும் பிணைக்கிறது. பெல்ட்டின் பல் சக்கரத்தின் பள்ளத்தில் பொருந்துவதால் அது வழுக்குவதில்லை.

இத்தகைய பெல்ட் முதலில் காருக்காகப் பிறந்ததன்று. 1940களில் அமெரிக்காவில் தையல் இயந்திரத்துக்காக உருவானது. ஊசியும் நூல் கண்டும் ஒன்றுக்கொன்று காலம் தவறாமல் இயங்க வேண்டும் என்பதே அங்கும் தேவை. 1962 இல் ஜெர்மனியின் கிளாஸ் நிறுவனம் தன் காரில் இதைப் பொருத்தி விற்பனைக்குக் கொண்டுவந்தது. நம் நாட்டில் அம்பாசடர் போன்ற பழைய கார்களில் இந்த வேலையை இரும்புச் சங்கிலி செய்தது. 1983 இல் வந்த மாருதி 800 காரில் பெல்ட் இருந்தது. காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்குப் போகும் சாலையில் இருக்கிறது இருங்காட்டுக்கோட்டை. அங்குள்ள ஹூண்டாய் தொழிற்சாலையிலிருந்து 1998 இல் வெளிவந்த சான்ட்ரோவிலும் பெல்ட்தான். 2008 இல் அதே நிறுவனம் கொண்டுவந்த கப்பா என்னும் எஞ்சினில் மீண்டும் சங்கிலி வந்தது.

பெல்ட் எடை குறைந்தது, ஓசை எழுப்பாதது, விலையும் குறைவு. ஆனால் அதன் உடல் ரப்பர். உள்ளே கண்ணாடி இழைகள் ஓடுகின்றன. வெப்பத்தாலும் காலத்தாலும் ரப்பர் இறுகி வெடிக்கும். அதனால்தான் தயாரிப்பாளர்கள் பெல்ட்டை மாற்றுவதற்கு இத்தனை கிலோமீட்டர் என்றும் இத்தனை ஆண்டு என்றும் இரண்டு வரம்புகள் விதிக்கிறார்கள். எது முதலில் வருகிறதோ அதுவே கெடு. கார் கொட்டகையில் சும்மா நின்றாலும் பெல்ட்டுக்கு வயதாகிறது.

அறுந்த நொடியில் நடப்பது

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஒரு கார் போகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நொடிக்கு 50 சுற்று. ஒரு வீச்சுக்கு அரைச் சுற்று. அதாவது நூறில் ஒரு நொடி. இந்த நிலையில் பெல்ட் அறுகிறது.

கேம் ஷாஃப்ட் கிட்டத்தட்ட உடனே நின்றுவிடுகிறது. வால்வுகளை மூடும் வில்சுருள்கள் அதன் புடைப்புகளை அழுத்திக்கொண்டிருப்பதால் அதனால் நெடுநேரம் தானாகச் சுற்ற முடியாது. ஆனால் கிராங்க் ஷாஃப்ட் நிற்பதில்லை. கனத்த ஃப்ளைவீல் அதைச் சுற்றுகிறது. கியர் விழுந்திருப்பதால் ஓடும் கார் முழுவதுமே சக்கரங்கள் வழியாக அதைச் சுற்றுகிறது.

அந்த ஆற்றல் எவ்வளவு? காரின் எடை 1,000 கிலோகிராம் என்று கொள்வோம். 60 கி.மீ. வேகம் என்பது நொடிக்கு 16.7 மீட்டர். இயக்க ஆற்றல் பொருண்மையில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கினால் வருவது. ஏறக்குறைய 1,39,000 ஜூல். அந்தக் காரையே 14 மீட்டர் உயரம், அதாவது நான்கு மாடி உயரம், தூக்கப் போதுமான ஆற்றல் அது. அதில் மிகச் சிறு பங்கு போதும், 6 மி.மீ. தடிமனுள்ள வால்வுத் தண்டை வளைத்துவிட.

கேம் ஷாஃப்ட் நின்ற இடத்தில் சில வால்வுகள் திறந்தபடியே நின்றிருக்கும். மேலேறி வரும் பிஸ்டன் அவற்றின் மேல் மோதலாம். முதல் மோதல் நூறில் ஓரிரு நொடிக்குள் நிகழ்ந்துவிடும். நீங்கள் ஒரு முறை கண் இமைப்பதற்குள் பிஸ்டன்கள் பத்து முறைக்கு மேல் உச்சிக்கு வந்து போய்விடும்.

ஓட்டுநருக்குத் தெரிவது இவ்வளவுதான்: எஞ்சின் திடீரென்று ஓய்ந்துவிடுகிறது, கார் உருண்டுகொண்டே போகிறது. அவர் செய்ய வேண்டியது கிளட்சை அழுத்திக் காரை ஓரங்கட்டுவது. கிளட்சை அழுத்தியவுடன் காரின் இயக்க ஆற்றல் எஞ்சினை எட்டாது. எஞ்சின் நின்றதால் ஸ்டியரிங் கனக்கும். இரண்டொரு முறை மிதித்த பின் பிரேக்கும் கனக்கும். இதை முன்பே அறிந்தவர் பதறமாட்டார்.

மோதும் எஞ்சின், மோதாத எஞ்சின்

எல்லா எஞ்சினிலும் இந்த மோதல் நேர்வதில்லை. முழுதும் திறந்த வால்வும் உச்சியில் நிற்கும் பிஸ்டனும் ஒன்றையொன்று தொடாதபடி சில எஞ்சின்களில் இடம் விட்டிருக்கிறார்கள். அவற்றில் பெல்ட் அறுந்தால் எஞ்சின் நிற்கும், அவ்வளவே. மற்ற எஞ்சின்களில் இருவரும் ஒரே இடத்தை முறைவைத்துப் பயன்படுத்துகிறார்கள். முறை தவறினால் மோதல்தான்.

இடம் எவ்வளவு நெருக்கடியானது என்பதை ஒரு கணக்கால் அறியலாம். 999 கன செ.மீ. கொள்ளளவுள்ள பழைய சான்ட்ரோ எஞ்சினில் சிலிண்டரின் விட்டம் 66 மி.மீ.; பிஸ்டனின் வீச்சு 73 மி.மீ. சிலிண்டரின் குறுக்குவெட்டுப் பரப்பு 34.2 சதுர செ.மீ. ஒரு சிலிண்டரில் பிஸ்டன் கடக்கும் கனஅளவு ஏறக்குறைய 250 கன செ.மீ. அமுக்க விகிதம் 9 என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் உச்சிக்கு வந்தபின் மீதமிருக்கும் இடம் 250 ஐ 8 ஆல் வகுத்தால் வருவது. சுமார் 31 கன செ.மீ. அதைப் பரப்பால் வகுத்தால் சராசரி உயரம் 9 மி.மீ. வால்வு திறந்து இறங்கும் தூரமும் பொதுவாக 8 அல்லது 9 மி.மீ. அளவில் இருக்கும்!

இது சராசரிதான். மேற்கூரையின் குழிவையும், வால்வின் சாய்வையும், பிஸ்டன் தலையில் வெட்டியிருக்கும் பள்ளங்களையும் பொறுத்து எஞ்சின் தப்புவதும் தப்பாததும் அமையும். ஆகவே சேதத்தைத் தேடுமுன் அந்த எஞ்சினின் பழுதுபார்ப்புக் கையேட்டைப் பார்த்து, அது எந்த வகை என்று அறிய வேண்டும். டீசல் எஞ்சினில் ஐயத்துக்கு இடம் குறைவு. அதன் அமுக்க விகிதம் 16, 18 என்று உயர்ந்தது. உச்சியில் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடையே 1 மி.மீ. அளவே இடைவெளி இருக்கும். அங்கே பெல்ட் அறுந்தால் பெரும்பாலும் மோதல் உறுதி.

மருத்துவரும் அறுவை மருத்துவரும்

காஞ்சிபுரத்துக்கு அருகே பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம் திருமுக்கூடல். அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலில், 11 ஆம் நூற்றாண்டில் ஆண்ட வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 15 படுக்கைகள் கொண்ட ஒரு மருத்துவமனை அங்கு நடந்ததை அது கூறுகிறது. அதன் பணியாளர் பட்டியலில் மருத்துவர் ஒருவர். அறுவை செய்பவர் வேறொருவர். நோயை அறிவதும் உடலைத் திறப்பதும் தனித்தனி வேலைகள் என்பது அன்றைக்கே தெரிந்திருந்தது.

பெல்ட் அறுந்த எஞ்சினுக்கும் இது பொருந்தும். பட்டறையில் இரண்டு தவறுகள் நடப்பதுண்டு. ஒன்று, எந்தச் சோதனையும் செய்யாமல் ஹெட்டைக் கழற்றிவிடுவது. எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாமலிருந்தால் காருக்குரியவருக்கு அது பெருஞ்செலவு. மற்றொன்று, புதுப் பெல்ட்டை மாட்டிச் சாவியைத் திருகி, "ஓடுகிறதா பார்ப்போம்" என்பது. வளைந்த வால்வோடு எஞ்சின் ஓடினால் வால்வின் தலை முறிந்து சிலிண்டருக்குள் விழக்கூடும். பிறகு பிஸ்டனும் சிலிண்டரும் சேர்ந்தே போகும். இரண்டு தவறுக்கும் நடுவே இருக்கும் வழிதான் சோதனை. ஒவ்வொரு சோதனையும் எஞ்சினிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கிறது. அந்தக் கேள்விக்கு மட்டுமே அது விடை தரும்.

முதற் சோதனை: கண்ணும் காதும்

எஞ்சின் நின்றவுடன் பலர் செய்வது சாவியை மீண்டும் மீண்டும் திருகுவது. இதைத் தவிர்க்க வேண்டும். முதல் மோதலில் தப்பிய வால்வையும் ஸ்டார்ட்டர் மோட்டார் வளைத்துவிடலாம்.

தெரியாமல் ஒரு முறை திருகிவிட்டாலும், அந்த ஓசை ஒரு செய்தி சொல்லும். நல்ல எஞ்சினை ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஒவ்வொரு அமுக்க வீச்சிலும் சற்றுத் திணறும். ஓசை ஏறி இறங்கித் தாளம்போல் வரும். பெல்ட் அறுந்த எஞ்சினில் பல சிலிண்டர்களில் காற்று அமுங்குவதில்லை. எனவே தாளம் குலைந்து, வழக்கத்தைவிட வேகமாக "விர்" என்று சுற்றும்.

அடுத்து பெல்ட்டின் மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அறுந்த பெல்ட் ஒரு சாட்சி. ரப்பர் முழுவதும் வெடித்திருந்தால் காரணம் முதுமை. ஓரம் தேய்ந்து நார்நாராக இருந்தால் பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்கி ஓடியிருக்கிறது. டென்ஷனரையோ அதன் பேரிங்கையோ பார்க்க வேண்டும். எண்ணெயில் ஊறியிருந்தால் ஆயில் சீல் கசிகிறது. ஓரிடத்தில் மட்டும் பற்கள் வரிசையாக உதிர்ந்திருந்தால், பெல்ட் சுற்றவேண்டிய ஏதோ ஒன்று இறுகி நின்றிருக்கிறது. பல எஞ்சின்களில் வாட்டர் பம்பையும் இந்தப் பெல்ட்தான் சுற்றுகிறது. அதன் பேரிங் இறுகினால் பெல்ட் என்ன செய்யும்? காரணத்தைத் தீர்க்காமல் புதுப் பெல்ட் மாட்டினால் அதுவும் அறும்.

சில எஞ்சின்களில் பெல்ட் எண்ணெய்க்குள்ளேயே ஓடும்படி அமைந்திருக்கிறது. 2013 முதல் மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு ஈகோஸ்போர்ட்டின் 1 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் அவ்வகை. (அத்தொழிற்சாலையில் கார் உற்பத்தி 2022 இல் நின்றது.) இத்தகைய பெல்ட் சிதைந்தால் அதன் துகள்கள் எண்ணெய் பம்பின் வடிகட்டியை அடைக்கக்கூடும். ஆகவே அங்கே வால்வோடு நிறுத்தாமல் எண்ணெய்ப் பாதையையும் பார்க்க வேண்டும்.

இரண்டாம் சோதனை: கையால் சுற்றுதல்

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட வேண்டும். பிளக்கின் முனை நசுங்கியிருந்தால் உள்ளே ஏதோ உடைந்து கிடக்கிறது என்று பொருள். பிளக் இல்லாததால் காற்று அமுங்காது. கையில் படும் தடையெல்லாம் உலோகம் உலோகத்தைத் தொடும் தடையே.

இப்போது ஓர் எச்சரிக்கை. கேம் ஷாஃப்ட் தவறான இடத்தில் நிற்கையில் கிராங்க் ஷாஃப்டைச் சுற்றினால், நல்ல வால்வின் மேலும் பிஸ்டன் வந்து இடிக்கும். எனவே "சுற்றும்போது தட்டியது" என்பதால் மட்டும் வால்வு வளைந்துவிட்டது என்று முடிவு கட்டக்கூடாது. தட்டிய இடத்தில் பலம் கொடுக்கவும் கூடாது.

சரியான முறை இது. நான்கு சிலிண்டர் எஞ்சினில் முதலாவதும் நான்காவதும் உச்சியில் இருக்கையில், இரண்டாவதும் மூன்றாவதும் அடியில் இருக்கும். அந்த நிலையிலிருந்து கிராங்க் ஷாஃப்டை 90 பாகை விலக்கி வைத்தால் நான்கு பிஸ்டன்களும் ஏறக்குறைய நடுவழியில் நிற்கும். சான்ட்ரோ அளவில் உச்சியிலிருந்து 36 மி.மீ.க்கு மேல் கீழே. வால்வு எவ்வளவு திறந்தாலும் தொடாது. இந்தப் பாதுகாப்பான நிலையில் கேம் ஷாஃப்டை அதன் குறிக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு கிராங்க் ஷாஃப்டை அதன் குறிக்குத் திருப்பிப் புதுப் பெல்ட்டை மாட்ட வேண்டும்.

ஒரு பல் பிசகினால் என்ன? 20 பற்களுக்கு 360 பாகை என்றால் ஒரு பல்லுக்கு 18 பாகை. எஞ்சின் ஓடாது அல்லது திணறி ஓடும். அதனால் ஸ்பேனர் கொண்டு கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் மீண்டும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பார்கள். ஏன் இரண்டு சுற்று? கேம் ஷாஃப்ட் ஒரு முழுச் சுற்று முடிக்க அதுதான் தேவை. இந்த இரண்டு சுற்றும் தடங்கலின்றி முடிந்தால், பிஸ்டன் பாதையில் எதுவும் குறுக்கே நிற்கவில்லை என்பது தெரியும். வால்வுகள் நன்றாக மூடுகின்றனவா என்பது இன்னும் தெரியாது.

மூன்றாம் சோதனை: அழுத்தம் அளத்தல்

இங்கே ஒரு கேள்வி எழலாம். வால்வு எவ்வளவு வளைந்தால் சேதம் எனலாம்? 30 மி.மீ. விட்டமுள்ள ஒரு வால்வின் தலை ஒரே ஒரு பாகை சாய்ந்திருப்பதாகக் கொள்வோம். கண்ணுக்கு நேராகவே தெரியும். ஆனால் அதன் ஒரு விளிம்பு இருக்கையில் அமர்ந்தால் எதிர் விளிம்பு அரை மி.மீ. தூக்கி நிற்கும். சுற்றிலும் சராசரி கால் மி.மீ. இடைவெளி என்றால் மொத்தத் திறப்பு சுமார் 25 சதுர மி.மீ. அது ஐந்தரை மி.மீ. விட்டமுள்ள துளைக்குச் சமம். இவ்வளவு பெரிய ஓட்டை உள்ள சிலிண்டரில் காற்றை எப்படி அமுக்குவது? கண் காணாததை அழுத்தமானி காட்டிவிடும்.

எரிபொருளும் மின்பொறியும் வராமல் தடுத்து, பிளக் துளையில் அழுத்தமானியைப் பொருத்தி, ஆக்ஸிலரேட்டரை முழுதும் மிதித்தபடி ஸ்டார்ட்டரால் சில சுற்று சுற்றுவார்கள். எவ்வளவு அழுத்தம் வரவேண்டும்? அமுக்க விகிதம் 9 ஆக இருந்து வெப்பநிலை மாறாமல் அமுங்கினால் வளிமண்டலத்தைப் போல் 9 மடங்கு. வெப்பம் சிறிதும் வெளியேறாமல் அமுங்கினால் ஏறக்குறைய 22 மடங்கு. உண்மை நடுவே இருக்கிறது. ஓரளவு வெப்பம் சுவருக்குப் போகிறது. உட்செல் வால்வு சற்றுத் தாமதமாக மூடுவதால் கொஞ்சம் காற்றும் திரும்பிப் போகிறது. நலமான பெட்ரோல் எஞ்சின்களில் மானி பொதுவாக சதுர செ.மீ.க்கு 10 முதல் 14 கிலோகிராம் வரை காட்டும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். மானியின் அளவுகள் இவை என்க:

முதல் சிலிண்டர் – 12
இரண்டாம் சிலிண்டர் – 11.8
மூன்றாம் சிலிண்டர் – 0
நான்காம் சிலிண்டர் – 3

எல்லாச் சிலிண்டரும் ஏன் சேதமாகவில்லை? நான்கு சிலிண்டர் எஞ்சினில் வழக்கமான எரியும் வரிசை 1, 3, 4, 2. பெல்ட் அறுந்த நொடியில் முதலாவது அமுக்க வீச்சில் இருந்திருந்தால், மூன்றாவது உறிஞ்சு வீச்சிலும், நான்காவது வெளியேற்று வீச்சிலும், இரண்டாவது ஆற்றல் வீச்சிலும் இருந்திருக்கும். முதலாவதிலும் இரண்டாவதிலும் வால்வுகள் மூடியிருந்தன, தப்பின. மூன்றாவதில் உட்செல் வால்வும் நான்காவதில் வெளிவிடு வால்வும் திறந்திருந்தன, அவையே அடிவாங்கின. கேம் ஷாஃப்ட் நிற்குமுன் சற்று உருளக்கூடும் என்பதால் கணக்கு எப்போதும் இவ்வளவு துல்லியமாக அமைவதில்லை. ஆயினும் நான்கு எண்களைக் கொண்டு, அந்த நூறில் ஒரு நொடியில் எஞ்சின் எந்த நிலையில் இருந்தது என்பதை ஊகிக்க முடிகிறது, பாருங்கள்!

குறைந்த அழுத்தத்துக்கு வால்வுதான் காரணமா, தேய்ந்த பிஸ்டன் வளையமா? குறைந்த சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு மீண்டும் அளப்பார்கள். எண்ணெய் வளையத்தைச் சுற்றியுள்ள இடைவெளியை அடைக்கும். அழுத்தம் நன்கு உயர்ந்தால் குறை வளையத்தில். அசையாமல் நின்றால் பெரும்பாலும் வால்வில்.

நான்காம் சோதனை: காற்றை அனுப்பிக் காதைக் கொடுத்தல்

குறையுள்ள சிலிண்டரில் பிஸ்டனை அமுக்க வீச்சின் உச்சியில் நிறுத்தி, பிளக் துளை வழியே அழுத்தக் காற்றைச் செலுத்தினால், காற்று தப்பிக்கும் வழி தெரிந்துவிடும். ஏர் ஃபில்டர் பக்கம் சீறினால் உட்செல் வால்வு. சைலன்சர் குழாயில் சீறினால் வெளிவிடு வால்வு. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் அங்கே சீறுகிறது என்றால் வளையம் அல்லது பிஸ்டனில் ஓட்டை. ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட்.

இதைப் பழகியவர்கள்தாம் செய்ய வேண்டும். காற்றின் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 7 கிலோகிராம் என்றால், 34.2 சதுர செ.மீ. பரப்புள்ள பிஸ்டனின் மேல் விழும் விசை சுமார் 240 கிலோகிராம் எடை. நான்கு பேர் ஏறி நிற்பது போல. பிஸ்டன் உச்சியிலிருந்து சற்று விலகியிருந்தால் கிராங்க் ஷாஃப்ட் சட்டென்று சுழன்று, மாட்டியிருக்கும் ஸ்பேனர் கையை முறித்துவிடும்.

பிளக் துளைக்குள் மெல்லிய கேமராவை விட்டுப் பார்ப்பதும் உண்டு. பிஸ்டனின் தலையில் படிந்த கரியில் பிறை வடிவத் தடம் பளிச்சென்று தெரிந்தால் வால்வு தொட்டிருக்கிறது. தடம் இருப்பது சான்று. தடம் இல்லாததை வைத்து மோதவே இல்லை என்று உறுதி கூற முடியாது. கேமரா எல்லா மூலையையும் பார்ப்பதில்லை.

திறந்த பின்

இந்தச் சோதனைகள் வால்வைக் காட்டிக்கொடுத்தால் ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும். அப்போதும் ஆராய்ச்சி முடிவதில்லை. வால்வை லேத்தில் மெல்லச் சுழற்றினால் வளைவு தெரியும், தலை தள்ளாடும். வால்வு ஓடும் கைடு விரிசல் விட்டிருக்கிறதா, இருக்கையில் தழும்பு இருக்கிறதா, கேம் ஷாஃப்டும் ராக்கர்களும் முழுதாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஹெட்டின் அடிப்பரப்பில் நேர்விளிம்பு அளவுகோலை வைத்து ஃபீலர் கேஜால் வளைவை அளப்பார்கள். பிஸ்டன் தலையில் மழமழப்பான மேலோட்டத் தழும்பு பெரும்பாலும் பொறுக்கத்தக்கது, விரிசல் பொறுக்கத்தக்கதன்று. டீசல் எஞ்சினில் பலத்த மோதல் கனெக்டிங் ராடையே வளைத்திருக்கலாம். நான்கு பிஸ்டன்களும் உச்சியில் ஒரே உயரத்துக்கு வருகின்றனவா என்று அளந்தால் அது வெளிப்படும்.

வேலை முடிந்தபின் மூடுமுன், வால்வுகள் பொருத்திய ஹெட்டின் துவாரங்களில் மண்ணெண்ணெய் ஊற்றிச் சற்று நேரம் வைப்பார்கள். வால்வின் விளிம்பில் ஈரம் கசியாவிட்டால் அது நன்கு அமர்ந்திருக்கிறது.

அறிந்ததும் அறியாததும்

அறுந்த பெல்ட் நமக்குச் சொல்வது, பெல்ட் அறுந்தது என்பதை மட்டுமே. எஞ்சின் உடைந்ததா என்பதற்கு அது விடையன்று. கையேடு, மோதல் நிகழக்கூடுமா என்பதைச் சொல்கிறது. கைச்சுற்று, வழியில் தடை உண்டா என்பதைச் சொல்கிறது. அழுத்தமானி, சிலிண்டர் காற்றைப் பிடித்து வைக்கிறதா என்பதைச் சொல்கிறது. சீறும் காற்று, கசியும் இடத்தைச் சொல்கிறது. எல்லாச் சோதனையிலும் தேறிய எஞ்சினிலும் ஒரு வால்வு மெல்லிய அடி வாங்கி உள்ளுக்குள் தளர்ந்திருக்கக்கூடும். அதை எந்த மானியும் காட்டாது. நல்ல மெக்கானிக் காருக்குரியவரிடம், "இது அளந்து அறிந்தது, இது என் ஊகம், இது திறந்தால்தான் தெரியும்" என்று மூன்றையும் பிரித்துச் சொல்வார். ஆய்வுக்கூடத்தில் உங்கள் ஏட்டில் முடிவு எழுதும்போது நீங்களும் இப்படித்தானே பிரித்து எழுத வேண்டும்?

இவ்வளவையும் தவிர்க்க எளிய வழி ஒன்று உண்டு. உங்கள் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ கார் இருந்தால், அதன் கையேட்டை எடுத்துப் பாருங்கள். பெல்ட்டா சங்கிலியா, பெல்ட் என்றால் எத்தனை கிலோமீட்டருக்கும் எத்தனை ஆண்டுக்கும் ஒரு முறை மாற்ற வேண்டும், கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். கெடு தாண்டியிருந்தால் பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

கடைசியாக உங்களுக்கு ஒரு கணக்கு. மாருதி 800 எஞ்சினில் மூன்றே சிலிண்டர்கள். அவற்றின் கிராங்குகள் 120 பாகை இடைவெளியில் அமைந்தவை. மூன்று பிஸ்டன்களும் ஒரே சமயம் நடுவழியில் நிற்க முடியுமா? முடியாது என்றால், மூன்றும் உச்சியிலிருந்து இயன்ற அளவு விலகியிருக்கக் கிராங்க் ஷாஃப்டை எந்த நிலையில் வைக்க வேண்டும்? மூன்று வட்டங்கள் வரைந்து முயன்று பாருங்கள்.